கைப்பிடியை விட்டவன்

அக்லாயா நிகிஃபோரவ்னா வரைந்த படத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தொடவில்லை. தொட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வழக்கம்போல ரொட்டிக்கடை வரிசையில் போய் நின்றிருப்பாள். தொடாமல், ஒரு நகம் நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளைந்து போனதுதான் அவளை வாரக்கணக்கில் வாட்டியது.

ஒரு கோடு விமானத்துடையது. மற்றது அதன் வால் சுக்கானைத் தள்ளும் பூஸ்டருடையது. விமானியின் கைவிசையை எண்ணெய் அழுத்தத்தால் பல மடங்காக்கித் தரும் உருளை அது. அந்தப் பூஸ்டர் லேசில் சொன்னபடி கேட்காது. கைப்பிடியைச் சிறிது அசைத்தால் பேசாமல் இருக்கும். இன்னும் கொஞ்சம் அசைத்தால் சட்டென்று கிளம்பும். வேகமாக அசைத்தால் ஓரளவுக்கு மேல் ஓட மறுத்துவிடும். இப்படிக் கோணல்மாணலாக நடக்கும் ஒன்றை யாரும் நேரான சமன்பாட்டுக்குள் அடைக்க முடிந்ததில்லை. ஆகவே அந்த நாட்டில் அப்போது எல்லா இடத்திலும் செய்ததையே அவளும் செய்தாள். ஒரு சீரான அலையைப் பூஸ்டருக்குள் அனுப்பினால் கோணலான அலை ஒன்று வெளியே வரும். அந்தக் கோணலுக்குள் இருக்கும் முதல் அலையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிட வேண்டும். மிச்சமெல்லாம் வேகவேகமான சின்ன நடுக்கங்கள், கனத்த விமானம் அவற்றைக் கண்டுகொள்ளாது என்பது நம்பிக்கை. பிறகு இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து பார்ப்பது. வெட்டிக்கொண்டால் விமானம் தானாக ஆடத் தொடங்கும், நிற்காது. வெட்டாவிட்டால் பயமில்லை.

இந்த முறையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் போருக்கு முன்னால் கல்லூரியில் இருந்தவர்கள். அவளை நம்பி வேலை கொடுத்தவர் வெனியமின் ஓசிப்பவிச், கணக்கீட்டுப் பிரிவின் தலைவர். அவர்கள் வேலை செய்த ரகசிய விமான நிறுவனத்துக்கு வெளியுலகத்தில் பெயர் கிடையாது, ஒரு தபால் பெட்டி எண் மட்டும்தான். வோல்காக் கரையில் இருந்த அந்த நகரத்தில் அங்கே வேலை செய்கிறவர்களைப் பார்த்து 'பெட்டிக்காரர்கள்' என்று சிரிப்பார்கள். வெனியமின் ஓசிப்பவிச் சிரிக்க மாட்டார். போருக்கு முந்தைய வருஷங்களில் கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் கைதியாகவே விமானங்களுக்குக் கணக்குப் போட்டவர் அவர். வயிற்றுப்புண்ணுக்காக வெந்நீரில் ஓட்ஸ் கஞ்சியைக் கரைத்து, நாள் முழுவதும் தேநீர் மாதிரி குடித்துக்கொண்டிருப்பார்.

அக்லாயா படத்தை அவர் மேஜையில் விரித்தாள்.

"கோடு வெட்டுதா?" என்றார்.

"வெட்டல."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"வாலை லேசாக்கிட்டாங்க, வெனியமின் ஓசிப்பவிச். புது வால் வளையுது. அது தானா நடுங்கற வேகமும் நாம தள்ளிவிட்ட மூணாவது அலையோட வேகமும் கிட்டத்தட்ட ஒண்ணா வருது. விமானம் அதைக் கண்டுக்காதுன்னுதானே தள்ளினோம். இந்த வால் கண்டுக்கும்."

"எவ்வளவு?"

"இந்த முறையில அது தெரியாது. விமானம் மாதிரியே மின்சாரத்துல ஆடிக் காட்டற மாடல் மெஷின்ல போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

அவர் கஞ்சித்தண்ணீரை ஒரு வாய் குடித்தார். "மெஷின் மூணாவது கட்டடத்துக்காரங்ககிட்ட இருக்கு. கோடை வரைக்கும் ஒரு வயரைப் பிடுங்க விடமாட்டாங்க. அவங்க எதைப் பறக்க விடறாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமலே இருந்துட்டுப் போகட்டும்."

"அப்படின்னா பறப்பைத் தள்ளிப் போடச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்லட்டும்? எவ்வளவு ஆபத்துன்னு கேப்பாங்க. ஒரு எண் குடுங்க, இப்பவே எடுத்துட்டுப் போறேன். எண் இல்லாத பயத்தைத் தூக்கிட்டு நான் அதிகாரிங்க மாடிப்படி ஏறமாட்டேன், அக்லாயா நிகிஃபோரவ்னா. ஒருதடவை ஏறினேன். இறங்கி வர்றதுக்குள்ள தலை நரைச்சுப் போச்சு."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவளிடம் எண் இல்லை. தாளின் அடியில் தள்ளிவிட்ட நடுக்கங்களைப் பற்றி 'மேலலைகள் வடிகட்டப்படுகின்றன என்ற அனுமானத்தின் பேரில்' என்று ஒரு வரி இருந்தது. எல்லா அறிக்கையிலும் இருக்கும் வரிதான், யாரும் படிப்பதில்லை. அதற்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள்.

அந்த விமானத்தை ஓட்டப் போகிறவன் அவளுக்குத் தெரியாத ஆளாக இருந்திருந்தால் விஷயம் அதோடு போயிருக்கலாம். திமஃபேய் லூகிச் மல்யூகா அவளுடைய பக்கத்து அறைக்காரன். ஒரே வீட்டில் மூன்று குடும்பம், ஒரே சமையலறை, ஒரே குளியலறை. மூன்றாவது அறைக்காரர் ரயில்வேயில் இருந்ததால் மாதத்தில் பாதி ஊரில் இருக்க மாட்டார். மல்யூகாவும் அவன் மனைவி ரிம்மாவும் அக்லாயாவும்தான் அந்தச் சமையலறையின் நிரந்தரக் குடிகள். போரில் புருஷனைப் பறிகொடுத்தபின் அக்லாயாவுக்கு வீடு என்றால் அந்த அடுப்பங்கரைச் சத்தம்தான். ரிம்மா மருந்துக்கடையில் வேலை செய்தாள். வாய் நீளம், மனசு தாராளம். அக்லாயாவை க்லாஷா என்று செல்லமாகத்தான் கூப்பிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மல்யூகா வோல்காவின் பனியில் துளை போட்டுப் பிடித்த மீன்களோடு வந்து சேர்ந்தான். சமையலறைத் தொட்டியில் வைத்துச் செதில் உரித்தான். செதில் நாலாபக்கமும் பறந்தது.

"என்ன நிகிஃபோரவ்னா, டாக்டர் நோயாளியப் பாக்கற மாதிரியே பாக்கறீங்க?" என்றான்.

"உன் செதில் அவ கஞ்சியில விழுது, அதைப் பாக்கறா" என்றாள் ரிம்மா. "க்லாஷா, நீ பேசாம இருந்தா இவன் உன் தலையிலயும் ஒரு மீனை உரிப்பான். பாத்துக்க."

"இவங்க தலையில உரிக்க முடியாது. உள்ள பூரா கணக்கு. கத்தி மழுங்கிடும்."

அக்லாயா சிரித்தாள். கஞ்சியைக் கிளறினாள். மீன் சட்டியில் பொரியத் தொடங்கியதும் மல்யூகா கையைத் துடைத்துக்கொண்டு சிகரெட் பிடிக்க மாடிப்படிக்குப் போனான். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுப் பின்னாலேயே போனாள்.

படிக்கட்டு ஜன்னலில் பனி பூத்திருந்தது. கீழே யாரோ கம்பளத்தை அடித்துத் தூசு தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் உங்ககிட்ட பேசக்கூடாததைப் பேசப் போறேன்" என்றாள்.

"பேசக்கூடாததுதான் கேக்க நல்லா இருக்கும்."

"விளையாடாதீங்க. தாழ்வா, அதிக வேகத்துல போறப்ப கைப்பிடி தானா ஆட ஆரம்பிக்கலாம். ஆரம்பிச்சா எதிர்த்துப் பிடிக்காதீங்க. உங்க கை ஆட்டத்துக்கு ஒரு நொடி பின்னாலதான் போகும். அடக்கறதா நெனச்சு நீங்க தள்றது, ஊஞ்சலை ஆட்டி விடற மாதிரி ஆயிடும். விட்டுடுங்க."

"விட்டுட்டா?"

"என் கணக்குப்படி அடங்கிடும்."

"இறுக்கிப் பிடின்னுல்ல எங்க குறிப்புல இருக்கு."

"அது பழைய வாலுக்கு எழுதினது."

அவன் புகையை ஜன்னல் கண்ணாடியில் ஊதினான். பனியில் ஒரு வட்டம் கரைந்தது. முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. "உங்க கணக்கு எவ்வளவு நிச்சயம்?" என்று கேட்டான்.

"தோராயம்தான், திமஃபேய் லூகிச். அந்த முறையே தோராயம்."

"மழை வருமா வராதான்னு சொல்றவனும் தோராயமாத்தான் சொல்றான். அவனை நம்பி நான் இதுவரைக்கும் குடை எடுத்ததில்ல." சிகரெட் நுனியை ஜன்னல் விளிம்பில் நசுக்கினான். "சரி. விட்டுடறேன். ஆனா இந்தக் கை சம்மதிக்கணும். பிடிச்சே பழகின கை இது. ரிம்மாவக் கேட்டுப் பாருங்க, தூக்கத்துலகூட போர்வையை விடமாட்டேன்."

"நான் சொன்னதை யாருகிட்டயும்..."

"என்ன சொன்னீங்க? மீனுக்கு உப்பு போதலைன்னீங்க. அவ்வளவுதானே?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

முதல் சில பறப்புகள் எந்தக் குறையும் இல்லாமல் முடிந்தன. உயரத்தில், நிதானமான வேகத்தில், விமானம் சொன்னபடி கேட்டது. மல்யூகா வந்து ரிம்மாவின் முன்னால் அக்லாயாவைப் பார்த்துக் கண்ணடித்தான். "உப்பு சரியா இருந்துச்சு" என்றான். ரிம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னைச் சேத்துக்காம என்னடா சமைக்கறீங்க?" என்று கரண்டியை ஆட்டினாள். அக்லாயாவுக்கும் நெஞ்சு லேசாயிற்று. தன் பயம் தேவையில்லாத பயமோ என்று நினைத்துக்கொண்டாள்.

தாழ்வாக, முழு வேகத்தில் பறக்க வேண்டிய நாளன்று வெனியமின் ஓசிப்பவிச் அவளையும் விமானத் திடலுக்குக் கூட்டிப் போனார். ஏன் என்று சொல்லவில்லை. பனி உருகத் தொடங்கிய மார்ச் மாதம். திடலின் ஓரமெல்லாம் கறுப்புச் சேறு. கட்டளை அறை ஒரு மரக் கொட்டகை, நடுவில் இரும்படுப்பு, சுவரில் ஒலிபெருக்கி. பறப்புத் தலைவர் ஒலிவாங்கியை வாயருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஒலிபெருக்கியில் மல்யூகாவின் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. உயரம் சொன்னான். வேகம் சொன்னான். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றான். வேகத்தைக் கூட்டுகிறேன் என்றான்.

"லேசா ஆடுது" என்றது குரல்.

"எவ்வளவு ஆடுது?" என்றார் பறப்புத் தலைவர்.

"லேசாத்தான். பிடிச்சிருக்கேன். பிடிச்சுப் பாக்கறேன்."

அக்லாயாவின் விரல்கள் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டன. விட்டுடுங்க என்று அவள் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. அந்த அறையில் பேச அவளுக்கு உரிமை இல்லை.

"வலுக்குது" என்றது குரல். இப்போது ஒவ்வொரு எழுத்தும் குலுங்கியது. "வேகத்தக் குறை" என்று பறப்புத் தலைவர் கத்தினார். "குறைக்கறேன். வலுக்குது. விட்டுட்டேன். கைப்பிடிய விட்டுட்டேன்."

அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் இருந்தது. பறப்புத் தலைவர் அழைத்துக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ ஓடுகிற சத்தம். ஆற்றுக்கு அப்பால், கோதுமை விதைக்கக் காத்திருந்த வயல்வெளிக்கு மேலே, புகை மெல்லத் தடித்து எழுந்தது. வெனியமின் ஓசிப்பவிச் தொப்பியைக் கழற்றினார். பிறகு எதற்காகக் கழற்றினோம் என்று தெரியாதவர்போல மறுபடி போட்டுக்கொண்டார்.

வால் தனியாக ஓர் ஓடையில் கிடந்தது. அளவுகளைப் பதிவு செய்யும் கருவியின் படச்சுருள் எரிந்து கருகியிருந்தது. மிஞ்சியது கட்டளை அறையில் நாலைந்து பேர் காதால் கேட்ட வார்த்தைகள் மட்டும்தான். விசாரணைக் கமிஷன் அந்த வார்த்தைகளைத்தான் பிடித்துக்கொண்டது. குறிப்பில் இறுக்கிப் பிடிக்கும்படி இருக்க, அனுபவமுள்ள விமானி ஏன் கைப்பிடியை விட்டான்? பதற்றத்தில் விட்டான் என்பதைத் தவிர வேறு விடை யாருக்கும் தோன்றவில்லை.

ரிம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். திரும்பி வந்தபோது அவள் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அவன் குடிச்சானான்னு கேட்டாங்க, க்லாஷா. தூங்கினானான்னு கேட்டாங்க. என்னோட சண்டை போட்டானான்னு கேட்டாங்க. பயந்து கைய விட்டவன்னு எழுதப் போறாங்க. என் திமோஷாவ. போருல எரியற விமானத்தையே இறக்கினவன்னு அவனைப் புகழ்ந்த அதே கர்னல்தான் கமிஷன்ல உக்காந்து எழுதறார்."

அக்லாயா அவள் தோளைத் தொடப் போய்க் கையைப் பின்னிழுத்துக்கொண்டாள்.

மறுநாள் நிறுவனத்தின் பின்கட்டில், கரி குவித்திருந்த முற்றத்தில், வெனியமின் ஓசிப்பவிச்சைப் பிடித்து நடந்ததைச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். சுற்றிலும் பார்த்தார்.

"இதை இதுவரைக்கும் யாருகிட்ட சொல்லியிருக்கீங்க?"

"உங்ககிட்ட மட்டும்."

"நான் கேக்கல. நீங்க சொல்லல. வீட்டுக்குப் போய்ப் படுங்க. ரகசியக் கணக்கை மாடிப்படியில நின்னு பேசியிருக்கீங்க. இதுக்கு என்ன பேர் வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

"அவர் பயந்து விடல. நான் சொன்னதாலதான் விட்டார்."

"ஆள் போயாச்சு, அக்லாயா நிகிஃபோரவ்னா. பயந்து விட்டாருன்னு எழுதினாலும் நீங்க சொன்னதால விட்டாருன்னு எழுதினாலும் அவருக்கு ஒண்ணுதான்."

"ரிம்மாவுக்கு ஒண்ணு இல்ல."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டடத்துக்குள் போனார்.

கமிஷனிடம் போகுமுன் ரிம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். மற்றவர் வாயால் ரிம்மா அதைக் கேட்கக் கூடாது. காலையில் ரிம்மா கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றிருந்தபோது, நின்றபடியே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, மாடிப்படி, ஊஞ்சல், விட்டுடுங்க. எதையும் விடாமல் சொன்னாள். கெட்டில் கொதித்துச் சீறியது. இருவரும் அதை அணைக்கவில்லை.

"உப்பு, உப்புன்னு சொன்னானே, அது இதுதானா?" என்றாள் ரிம்மா கடைசியில்.

"ஆமா."

"விடாம பிடிச்சிருந்தா?"

"தெரியல, ரிம்மா."

"பொழைச்சிருப்பானா?"

"எனக்குத் தெரியல."

ரிம்மா அவளை நேராகப் பார்த்தாள். "கணக்குப் போடறவங்க நீங்கதானே. அவனுக்குச் சொல்லும்போது தெரிஞ்சுதே. இப்ப எனக்குச் சொல்லும்போது ஏன் தெரியல, அக்லாயா நிகிஃபோரவ்னா?"

க்லாஷா என்ற பெயர் அன்றோடு அந்த வீட்டில் இல்லாமல் போயிற்று.

கமிஷன் அறையில் நீண்ட மேஜை, பச்சைத் துணி, தண்ணீர்க் குடுவை. கர்னல் அவள் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "யாரோட அனுமதியில இதை விமானிகிட்ட சொன்னீங்க?" என்றார்.

"யாரோட அனுமதியும் இல்ல."

"சந்தேகம் இருந்தா மேல சொல்லியிருக்கணும். சொன்னீங்களா?"

அவள் தயங்கினாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த வெனியமின் ஓசிப்பவிச் எழுந்து நின்றார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"சொன்னாங்க, தோழர் கர்னல். என்கிட்ட சொன்னாங்க. நான் எண் கேட்டேன். அவங்ககிட்ட எண் இல்ல." அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எழுந்து நிற்க அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்று அக்லாயாவுக்குத் தெரியும். அந்த வாக்கியங்கள் தன்னைக் காப்பாற்றவில்லை என்பதும் தெரிந்தது. ஒரே சமயத்தில் அவர்மேல் நன்றியும் கசப்பும் வந்தது. எது கூடுதல் என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கோடை வரைக்கும் கிடைக்காது என்றிருந்த மெஷின் அந்த வாரமே கிடைத்தது. மூன்றாவது கட்டடத்துக்காரர்கள் முணுமுணுக்காமல் தங்கள் வயர்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அலமாரி அலமாரியாக ரேடியோ வால்வுகள் சூடேறும் அந்த அறையில், கமிஷன் ஆள் ஒருவர் பின்னால் நிற்க, அக்லாயா புது வாலையும் பூஸ்டரையும் மனிதக் கையின் தாமதத்தையும் மின்சாரமாக மாற்றிப் பூட்டினாள். பேனா காகிதச் சுருளில் ஓடத் தொடங்கியது. அவள் தள்ளிவிட்ட மூன்றாவது அலை அங்கே வாலின் நடுக்கத்தோடு சேர்ந்துகொண்டு முதல் அலையைத் தூக்கிவிட்டது. தாளில் தொடாமல் போன இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்த சந்து உண்மையில் சந்தே அல்ல.

கைப்பிடியை விட்டால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தாள். ஆட்டம் சிறிதாக இருக்கும்போது விட்டால் அது அடங்கிப் படுத்தது. அவள் மாடிப்படியில் சொன்னதேதான். ஓரளவுக்கு மேல் வளர்ந்தபின் விட்டால், கையே இல்லாமல் அது தானாக வளர்ந்துகொண்டே போய்ப் பேனாவைக் காகிதத்தின் விளிம்பில் முட்டியது. அந்த நிலையில் இறுக்கிப் பிடித்திருந்தால் கொஞ்சம் மெதுவாக வளர்ந்தது. அதற்குள் வேகம் போதுமான அளவு குறைந்திருக்கலாம், குறையாமலும் போயிருக்கலாம். இந்த அளவுக்கு இப்பால் விட்டால் உயிர், அப்பால் விட்டால் சாவு என்று மெஷின் துல்லியமாகச் சொன்னது. மல்யூகா எந்தப் பக்கம் இருந்தபோது விட்டான் என்பதை அது சொல்லவில்லை. அது தெரிந்த படச்சுருள் கருகிப் போயிருந்தது. பேனாவைத் தூக்கி வைத்துவிட்டு அவள் அந்த முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். 'பிடிச்சுப் பாக்கறேன்' என்ற குரல் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. அதற்கும் 'விட்டுட்டேன்' என்றதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்று அவள் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

கமிஷன் முடிவில் மல்யூகாவின்மேல் குற்றம் இல்லை என்று எழுதினார்கள். பூஸ்டரும் வாலும் சேர்ந்து உண்டாக்கிய ஆட்டம் காரணம், விமானி அனுமதியில்லாத ஆலோசனையின்படி நடந்தார் என்று எழுதினார்கள். ஆலோசனை சரியா தவறா என்று எழுதவில்லை. வாலைக் கனப்படுத்தினார்கள், பூஸ்டரில் தணிப்பான் வைத்தார்கள். விமானம் பிறகு நன்றாகப் பறந்தது. அக்லாயாவிடமிருந்து ரகசிய வேலைக்கான அனுமதியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த தண்டனை. பத்து வருஷம் முன்னாலாக இருந்தால் வேறு மாதிரி போயிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். வெனியமின் ஓசிப்பவிச்சை விசாரணையோடு விட்டார்கள். ஆனால் அடுத்த மாதமே அவர் தானாக ஓய்வு கேட்டுப் போய்விட்டார்.

அவளுக்கு நகரத்து ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புகளின் சூட்டைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. அங்கேயும் ஒரு கருவி சூட்டை அளந்து மின்சாரத்தைப் போடும், நிறுத்தும். சூடு ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆடும். அந்த ஆட்டத்தையும் பழைய முறையிலேயே அவள் கணக்கிட்டாள், கணக்குச் சரியாகவே வந்தது. மேல்தோல் கொஞ்சம் கருகினால் யாரும் சாக மாட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதை நேரில் அளந்து பார்க்காமல் அவள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. மேற்பார்வையாளர் எரிச்சலோடு, "ரொட்டிதானேம்மா, ராக்கெட்டா?" என்று கேட்பார்.

வீட்டில் ரிம்மாவும் அவளும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். ரிம்மா சண்டை போடவில்லை. கதவை அறைந்து சாத்தவில்லை. "உங்க பால் பொங்குது", "தபால் வந்திருக்கு உங்களுக்கு" என்று தேவையான அளவு பேசினாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அக்லாயாவுக்குத் தோன்றும். வேறு அறை கேட்டு இருவரும் தனித்தனியாக விண்ணப்பித்தார்கள். வீட்டுவசதி அலுவலகம் இருவரையும் திருப்பி அனுப்பியது.

கடைசியில் பென்சாவிலிருந்த ரிம்மாவின் தங்கை தன்னோடு வந்து இருக்கும்படி அழைத்தாள். ஆகஸ்டில் ஒரு காலை, ரயில்வேக்காரர் ஊரில் இல்லை, வண்டிக்காரன் மூட்டை தூக்க மாட்டேன் என்று கீழேயே நின்றுவிட்டான். பெரிய பிரம்புப் பெட்டியை ரிம்மாவால் தனியாக நகர்த்த முடியவில்லை. அக்லாயா கேட்காமலே வந்து ஒரு பக்கம் பிடித்தாள். இருவரும் பெட்டியைப் படிப்படியாக இறக்கினார்கள். ஜன்னலுள்ள திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார்கள்.

"சின்னதா இருக்கறப்பவே விட்டிருந்தா அடங்கியிருக்கும்னு மெஷின் சொல்லுச்சாமே, கமிஷன்ல சொன்னாங்க" என்றாள் ரிம்மா. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா."

"அவன் யாரு சொன்னாலும் ஒருதடவைல கேக்க மாட்டான். முதல்ல தான் நெனச்சதைச் செஞ்சு பாப்பான். அப்புறம்தான் சொன்னதைச் செய்வான். என்கிட்டயும் அப்படித்தான்."

அது மன்னிப்பா, குற்றச்சாட்டா, வெறும் நினைவா என்று அக்லாயாவுக்கு விளங்கவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

"தூக்குங்க, வண்டிக்காரன் காத்திருக்கான்" என்றாள் ரிம்மா.

பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். ரிம்மா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை அக்லாயா நின்றாள். பிறகு மாடியேறி, ரிம்மா விட்டுப்போன அறையைப் பெருக்கினாள். மறுவாரம் அந்த அறைக்கு ஓர் இளந்தம்பதியும் அவர்களுடைய கைக்குழந்தையும் வந்தார்கள். புருஷன் பெட்டியில் வேலை செய்கிறான் என்று அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள். என்ன வேலை என்று அக்லாயா கேட்கவில்லை.